வர்ஜ்யம் பார்த்து எடுத்த பேக்கப்

அம்சவேணி அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்கிறார்கள். உண்மைதான், அவள் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் பாலசமுத்திரத்தில் ஒரு பெண் கழுத்தில் புற்றுநோயை வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, இந்நேரம் வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் பேர் கல்பனா. திருப்பதியில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். கழுத்திலோ மார்பிலோ கட்டி என்று வருபவர்களுக்கு எங்கள் டாக்டர் மெல்லிய ஊசியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப் கேமராவில் படம் பிடிப்பது என் வேலை. அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் ஹைதராபாத்தில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் நோயாளியின் பேர் தெரியாது. கண்ணாடியில் ஒட்டிய நம்பர்தான் தெரியும். பேர் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் இருக்கும், படம் வேறோர் இடத்தில் இருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டு வைப்பது அந்த நம்பர் மட்டும்தான்.

பேரும் படமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஸ்டோரேஜ் சர்வர். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன் அடுக்கும் மூலையில், ஒரு கண்ணாடி அலமாரிக்குள் அது இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அப்படியே காய்ந்து கிடக்கும். லேபில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் அதோடுதான் பேசும். அதைப் பார்த்துக்கொண்டவள்தான் அம்சவேணி அக்கா.

அக்கா நகரிக்காரி. பவர்லூம் குடும்பம். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே அவளுக்கு வராது. அவள் போனில் பேசினால் எதிர் மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். எம்.சி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச காலம் பெரிய கம்பெனி ஒன்றில் இதே வேலையைச் செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டாள். தினமும் ஊர் ஸ்டேஷனான ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, உட்கார இடத்துக்காக ரேணிகுண்டா வரைக்கும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்குவாள். அடக்கமான பெண் என்று அவளைப் பற்றி யாரும் பொய் சொல்லிவிட முடியாது. சர்வர் அலமாரி மேல் நான் ஒருநாள் என் டிபன் பாக்ஸை வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் திட்டிய திட்டு என் ஆயுசுக்கும் போதும்.

ஆனால் வேலையில் ஒரு நூல் பிசகமாட்டாள். மதியம் எங்கள் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது, பேர்கள் இருக்கும் பக்கத்தை ஒரு நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த நொடியிலேயே பேர், படம் இரண்டையும் ஒரே அடியாக உறைய வைப்பாள். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பேர். பிறகு எல்லாம் வழக்கம்போல் ஓடும். உறைந்துபோன அந்த நிலை மட்டும் மெதுவாகச் சித்தூரில் இருக்கும் எங்கள் கிளைக்குப் போய், அங்கே இன்னொரு பெட்டியில் பேக்கப்பாக உட்காரும். அது போய்ச் சேர எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. உறைய வைத்தது ஒரே நொடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஷெட்டுல கரண்டு போச்சுன்னா எல்லாத் தறியும் ஒரே நேரத்துல நிக்கும் பாரு, அந்த மாதிரி," என்று எனக்குச் சொன்னாள். "எது எவ்ளோ நெய்ஞ்சிருக்குன்னு அப்போ சரியா தெரியும். ஒண்ணொண்ணா போய் நிறுத்திக்கினு வந்தா, கடைசித் தறி அதுக்குள்ள இன்னும் ரெண்டு முழம் ஓட்டியிருக்கும்."

வெள்ளிக்கிழமைகளில் சித்தூர்ப் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு பழைய பேரையும் படத்தையும் வரவழைத்து, என் கண்ணாடியோடு ஒத்துப்போகிறதா பார் என்பாள். எதற்கக்கா இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"எடுத்து வெக்கிறது பெருசில்ல கல்பனா. கேட்டா திரும்பி வருதான்னு பாக்கணும். வரலன்னா அது பேக்கப் இல்ல, குப்பை."

இப்போது எங்கள் மேனேஜர் ஹரிபாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டரின் மனைவிக்குத் தம்பி. சித்தூர்க்காரர். அந்த உறவைத் தவிர வேறு எந்தத் தகுதி அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு தெலுங்குக் காலண்டர் தொங்கும். அதில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே வர்ஜ்யம் என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். நல்லது எதையும் தொடங்கக் கூடாத நேரம். ராகு காலம் என்றால் இன்ன கிழமைக்கு இன்ன நேரம் என்று நமக்கே மனப்பாடம். வர்ஜ்யம் அப்படியில்லை, நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வர்ஜ்யம் பார்ப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. புத்தூரில் எங்கள் வீட்டிலும் பால் காய்ச்ச, பெண் பார்க்கப் போக என்று பார்ப்பார்கள். ஆனால் ஹரிபாபுவுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. தினமும் மதியம் பேக்கப் தொடங்குகிறதே, அது சில நாள் வர்ஜ்யத்தில் விழுகிறதே என்று. அக்காவைக் கூப்பிட்டார்.

"அம்மா அம்சவேணி, பேருங்களோட பேக்கப் இருக்கே, அது இனிமே டெய்லி காலண்டர் பாத்து, வர்ஜ்யம் லேகுண்டா, அது இல்லாத நேரமா ஸ்டார்ட் பண்ணணும்."

"பண்ணலாம் சார். ரெண்டையும் சேத்து நகத்திடறேன்."

"ரெண்டு எந்துக்கு? படம் மெஷினோடது, அதுக்கு தோஷம் ஏது? பேரு மனுசனோடது. பேரை மட்டும் நகத்து. படம் பெருசு, அதை நகத்தினா கவுன்டர்ல கம்ப்யூட்டர் ஸ்லோ ஆவும்."

அக்காவின் குரல் அன்றைக்கு மருந்துக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருக்கும். "இன்னா சார் பேசறீங்க? பேரு காலைல நின்னு படம் மத்தியானம் நின்னா, நடுவுல வந்தவங்க படம் மட்டும் பேரில்லாம அனாதையா நிக்கும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்தப் படம் யாருதுன்னு தெரியாது. நகத்தணும்னா ரெண்டும் நகரும். இல்லன்னா ரெண்டும் நிக்கும். நான் பிரிக்கமாட்டேன்."

பிரிக்கவும் இல்லை. அவளிடம் நடக்காது என்று தெரிந்ததும் ஹரிபாபு வாயை மூடிக்கொண்டார். காத்திருந்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அக்காவின் ஊரில் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா வந்தது. ஒரு வாரம் லீவு போட்டாள். அவள் ரயிலேறிய மறுநாளே, லேபுக்கு சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து பவன்குமார் வந்து உட்கார்ந்துவிட்டான். சொன்னதைச் செய்கிறவன், கேள்வி கேட்காதவன். ஹரிபாபு காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் சொல்லச் சொல்ல, அவன் பேருக்கான பேக்கப்பை மட்டும் பிரித்து நகர்த்தினான். அந்த வாரம் ஒரு நாள் வர்ஜ்யம் சரியாக மதியத்தில் விழுந்தது. பேர்களைக் காலை கவுன்டர் திறந்த கையோடு எடுத்து முடித்துவிட்டார்கள். படங்கள் வழக்கம்போல் மதியம் உறைந்தன. நடுவில், ஊசி குத்திக்கொள்ள வந்த ஆறேழு பேர் கவுன்டரில் பேர் கொடுத்து, நம்பர் வாங்கி, என் மேஜைக்கு வந்து, படமாகி உள்ளே போய்விட்டார்கள். மதியத்துக்குப் பிறகு அன்றைக்கு ஊசிக்கு யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் கோடை மழை. இடி எங்கள் தெருவிலேயே விழுந்தது போல் ஒரு சத்தம். விளக்கெல்லாம் போய், மாடிப்படிக்குக் கீழேயிருந்து கருகின வாடை வந்தது. சந்தனம் குங்குமத்தோடு சர்வர் செத்துப்போயிருந்தது.

பவன்குமார் சித்தூர்ப் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் காலை கவுன்டர் திறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டான். படங்கள் எல்லாம் இருந்தன. பேர்களில்தான் முந்தின நாள் காலைக்குப் பிறகு வந்தவர்கள் இல்லை. அதற்கென்ன, கவுன்டரில் அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் கம்பியில் குத்தியபடி இருந்தன. நம்பர் சீட்டில் இருக்காது, அதைக் கம்ப்யூட்டர்தான் கொடுக்கும். சீட்டுகளை உருவி மேஜையில் கொட்டி, கைக்கு வந்த வரிசையில் மறுபடி ஏற்றச் சொன்னார் ஹரிபாபு. கம்ப்யூட்டரும் விட்ட இடத்திலிருந்து அதே நம்பர்களை மறுபடி கொடுத்தது. முதல் நாள் ஒருவருக்குக் கொடுத்த நம்பரை இப்போது இன்னொருவருக்கு.

பார்ப்பதற்கு எல்லாம் பொருந்தியிருந்தது. பேருக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு படம். எதுவும் குறையவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான். காணாமல் போயிருந்தால் தேடியிருப்போம். மாறிப்போனதை யார் தேடுவார்கள்? ஹைதராபாத் டாக்டர் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினார். கவுன்டரில் பேர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒரு போன் கூடப் போடவில்லை. அவள் இல்லாமலே சமாளித்துவிட்டோம் என்று ஹரிபாபு எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா லீவு முடிந்து வந்த அன்றைக்கே வினை வாசலுக்கு வந்தது. யஸ்வந்த் என்று ஒரு காலேஜ் பையனின் அப்பா, ரிசப்ஷன் மேஜையை ஓங்கித் தட்டினார். மகனின் கழுத்துக் கட்டியை எங்கள் லேப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பிறகு வேறு இடத்தில் காட்டினால் அது சாதாரணக் கட்டி, மருந்திலேயே கரைந்துவிடும் என்றார்களாம். அந்த மனிதர் கத்தியதில் ஒரு வார்த்தையைக் கூடத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஹரிபாபு அவரை உள்ளே அழைத்துப்போய், காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெஷின் கோளாறு என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அய்போயிந்தி, ப்ராப்ளம் சால்வ்," என்றார்.

அக்கா அதற்குள் பவன்குமார் செய்த காரியத்தை முழுக்கப் பார்த்துவிட்டிருந்தாள். எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"பையனுக்கு கேன்சர் இல்ல. சந்தோசம். ஆனா படத்துல கேன்சர் இருந்துச்சே சார், அது யாருது?"

அவர் தன் அறைப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கட்டி யாரோ ஒருத்தர் கழுத்துல இருக்குது. அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் குடுத்து அனுப்பியிருக்கோம். அன்னிக்கு நடுவுல வந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தணும். இன்னிக்கே."

"பைத்தியமா உனக்கு? எல்லாருக்கும் போன் பண்ணி எங்க ரிப்போர்ட் தப்புன்னு சொல்லுவியா? லேபு பேரு இன்னா ஆவறது?"

லேபின் பேர். ஒரு மனுஷி சாகக் கிடக்கலாம், இவருக்கு லேபின் பேர் கெடக்கூடாது. அதைக் கேட்டபோது என் கையில் இருந்த கண்ணாடித் துண்டை அவர் மேல் எறியலாமா என்று வந்தது. நான் எறியவில்லை. அக்காவும் எதையும் எறியவில்லை. தன் போனை எடுத்து, அவர் முன்னாலேயே, முதல் ஆளுக்கு நம்பரைப் போட்டாள். "நான் லேபுலேர்ந்து அம்சவேணி பேசறேன். உங்க ரிப்போர்ட்ல தப்பு நடந்துபோச்சு. தப்பு எங்களுது. நாளைக்கு வந்துடுங்க." அதே குரல். மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் திட்டினார்கள், ஒருவர் அழுதார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஊசி போட்டார். வந்த ஒருவருக்கும் கெட்டது இல்லை. மிச்சம் ஒரே ஒருத்தி. பாலசமுத்திரம் செல்வி. அவள் கொடுத்தது புருஷன் முனிகிருஷ்ணனின் போன் நம்பர். அவர், ஒண்ணுமில்லைன்னுதான் அன்னிக்கே சொல்லிட்டாங்களே, எதுக்கு மறுபடி என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்றால் அது யாருடையது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை நகரியில் அக்காவைச் சேர்ந்துகொண்டேன். பள்ளிப்பட்டு வழியாகப் பஸ்ஸில் போனோம்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னலை மூடியபோது கூட அக்கா சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

செல்வி வேர்க்கடலைக் காட்டில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். காதுக்குக் கீழே கட்டி அப்படியே இருந்தது.

"ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களேக்கா. சந்தோசத்துல கோயில்ல பொங்கல் கூட வெச்சிட்டு வந்தோம்."

"அது உன் ரிப்போர்ட்டு இல்லம்மா," என்றாள் அக்கா. முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "வேற ஒருத்தரோடத உன் பேருல குடுத்துட்டாங்க. உன்னுதுல கெட்டது இருக்கலாம். இருந்தா இப்பவே பாத்தா சரி பண்ணிடலாம். நீ வந்தே ஆவணும்."

முனிகிருஷ்ணன் கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே போட்டார். "எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு கீறீங்க? அன்னிக்கு ஒண்ணுமில்ல, இன்னிக்கு இருக்குதுன்றீங்க. நாங்க படிக்காதவங்கன்னா எது வேணா சொல்லுவீங்களா?"

"கோவிச்சிக்கோ நைனா. நல்லா கோவிச்சிக்கோ. உன் எடத்துல நான் இருந்தா அடிச்சே இருப்பேன். ஆனா நாளைக்கு இட்டுக்கினு வந்துடு."

அவர் குனிந்து களைக்கொத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். செல்விதான் பேசினாள். "வரோம்க்கா. நீங்க தண்ணி குடிங்க, வெயில்ல வந்து கீறீங்க."

வந்தார்கள். டாக்டர் ஊசி குத்தினார், நான் சாயமேற்றினேன், நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எனக்கு ரிப்போர்ட் எழுதும் படிப்பு இல்லை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாமலா போகும்? ஹைதராபாத்திலிருந்தும் அதையேதான் சொன்னார்கள். அன்றைக்கே அவளை வேலூருக்கு அனுப்பிவைத்தோம். அதிகம் பரவவில்லை, சிகிச்சைக்கு அடங்கும் என்று அங்கே சொன்னார்கள்.

நல்ல காரியம் செய்தாள் என்று அக்காவுக்கு யாராவது ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்களா? மறுவாரம் ஹரிபாபு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலையை விட்டு நீக்கும் உத்தரவு மேஜையில் தயாராக இருந்தது. பேனாவைத் திறந்தவர், காலண்டரைத் திரும்பிப் பார்த்தார், பேனாவை மூடினார். வர்ஜ்யம் போகவில்லை. அக்காவை எதிரே நிற்க வைத்துக்கொண்டு அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்கு வெளியே நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"பொறுமையா போடுங்க சார். என் வேலை போறதுல ஒரு தோஷமும் இருக்கக்கூடாது."

போவதற்கு முன் பேரையும் படத்தையும் பழையபடி ஒரே நொடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டினாள். இரண்டே நாளில் பவன்குமார் வந்து மறுபடி பிரித்துவிட்டான். நான் நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஹரிகிட்ட சொல்லும்மா," என்றார். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். இப்போது கண்ணாடியில் நம்பருக்குப் பக்கத்தில் நோயாளியின் பேரையும் நானே கேட்டு எழுதி வைக்கிறேன். அது என் வேலை இல்லை என்று ஹரிபாபு இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

போன மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலூரிலிருந்து. முனிகிருஷ்ணனுக்குக் கடலை பிடுங்கும் வேலை என்பதால் செல்வியை இவள்தான் சிகிச்சைக்கு அழைத்துப்போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில், செல்விக்குப் பக்கத்தில், வயதான தெலுங்கு அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். கழுத்தில் ஏதோ வீக்கம். சித்தூர் என்று சொன்னதும் அக்கா பேச்சுக் கொடுத்திருக்கிறாள். திருப்பதியிலேயே பார்த்திருக்கலாமே, எதற்கு இவ்வளவு தூரம் என்று.

"எங்க வீட்டு மனுசங்களுக்கே அங்க லேபு இருக்கும்மா," என்றாராம் அந்த அம்மா தெலுங்கில். "என் பிள்ளைதான் மேனேஜர். ஆனா அவனே அங்க வேணாம்னுட்டான். அங்க பேரு மாறிப்போவுதாம்."

அப்போது கையில் தண்ணீர் பாட்டிலோடு ஹரிபாபு வந்து சேர்ந்தாராம். அக்காவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. செல்வியின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்து, "உனக்கு முதல்ல எந்த ஊர்லம்மா பாத்தாங்க?" என்று கேட்டார்.

செல்விக்கு ஹரிபாபுவைத் தெரியாது. அவள் பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"திருப்பதியிலதாம்மா. மாறிப்போனது என் பேருதான்."